ஒருவரே கூடும் பொதுக்குழு

2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்த உள்ளாட்சித் தேர்தல்களுக்கான அறிவிப்பை நான்கு வாரங்களுக்குள் வெளியிட வேண்டும், நான்கு மாதங்களுக்குள் தேர்தலை நடத்தி முடிக்க முயல வேண்டும் என்று மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு அது கட்டளையிட்டது. அன்றிரவே எல்லையில் குண்டுகள் வெடிக்கத் தொடங்கின. அடுத்த சில நாட்களுக்குத் தொலைக்காட்சிகளில் போரைத் தவிர வேறு செய்தி இல்லை. நீதிமன்ற ஆணை நாளேடுகளின் உள்பக்கங்களில் ஒதுங்கிப் போயிற்று.

போர்ச் செய்தி இல்லாதிருந்தாலும் இந்த ஆணை பெரிதாகப் பேசப்பட்டிருக்குமா என்பது ஐயமே. நாடாளுமன்றம் ஒரு நாள் ஒத்திவைக்கப்பட்டால் நாடே விவாதிக்கிறது. சட்டமன்றம் ஆறு மாதம் கூடாவிட்டால் அரசியல் சாசன நெருக்கடி என்கிறோம். மகாராஷ்டிரத்தின் 34 ஜில்லா பரிஷத்துகளில் பெரும்பாலானவற்றின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் மூன்றாண்டுகளுக்கு மேலாக அவை அதிகாரிகளின் கையில் இருந்தன. கர்நாடகத்தில் மாவட்ட, வட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2021லேயே முடிந்துவிட்டது. 2025 மே மாதம்வரை தேர்தல் நடக்கவில்லை. தெலங்கானாவில் மாவட்ட ஊராட்சிகளின் ஐந்தாண்டுகள் 2024 ஜூலையில் நிறைவுற்றன. தமிழ்நாட்டிலும் 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றுவிட்டனர்.

இத்தனை கோடி மக்களின் மாவட்ட மன்றங்கள் காலியாகக் கிடக்கும்போது ஏன் பெருங்குரல் எழவில்லை? அங்கே நடப்பவை அன்றாட அலுவல்கள்தாமே, அவற்றை ஓர் அதிகாரி பார்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்ற எண்ணம் படித்தோரிடமும், ஏன், அரசியல் ஊழியர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. இந்த எண்ணத்தைத்தான் நாம் இங்கே பரிசீலிக்க விரும்புகிறோம்.

சலிப்பூட்டும் ஒரு கூட்டம்

மாவட்ட மன்றத்தின் சாதாரணக் கூட்டம் ஒன்று எப்படி நடக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டாலும் இரண்டு அல்லது மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் மன்றம் கூடியாக வேண்டும். முன்கூட்டியே பொருள் நிரல் அனுப்பப்படும். முந்தைய கூட்ட நடவடிக்கைக் குறிப்பை உறுதி செய்தல், அதன்மீது எடுத்த நடவடிக்கையைத் தெரிவித்தல், வரவு செலவு அறிக்கையை ஏற்றல், சாலைப் பணிக்கான ஒப்பந்தப்புள்ளிகளை அங்கீகரித்தல், பள்ளிக் கட்டடப் பழுதுபார்ப்பு, சுகாதார நிலையங்களுக்கு மருந்துக் கொள்முதல், கால்நடை மருத்துவமனைக்குத் தளவாடம், தணிக்கைத் தடைகளுக்கு விளக்கம் என அது நீளும். பார்வையாளர் எவரும் வருவதில்லை. பத்திரிகையாளர் பாதியில் எழுந்து போய்விடுவார். தேநீர் ஆறிப்போகும்.

ஆனால் அந்தப் பொருள் நிரலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஜில்லா பரிஷத் பள்ளிகள். ஆரம்ப சுகாதார நிலையங்களை நடத்துவதும் ஜில்லா பரிஷத்தே. சிறுபாசனக் குளங்கள், கிராமச் சாலைகள், குடிநீர்த் திட்டங்கள், அங்கன்வாடிகள், தலித் குடியிருப்புகளுக்கான நலத்திட்டங்கள் எல்லாம் அதன் குழுக்கள் வழியேதான் போகின்றன. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1962 மே 1 முதல் செயல்படத் தொடங்கிய அந்த அமைப்பில் நிலைக்குழு, நிதிக்குழு, கல்விக்குழு, சுகாதாரக்குழு, வேளாண்மைக்குழு, சமூகநலக்குழு, பெண்கள் குழந்தைகள் நலக்குழு என்று துறைவாரியாகக் குழுக்கள் உண்டு. 

இவற்றில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர் ஒருவர் எழுந்து, எங்கள் வட்டத்துச் சுகாதார நிலையத்தில் பாம்புக்கடிக்கு மருந்து இருப்பில்லை, ஏன் என்று கேட்கிறார். இன்னொருவர், சென்ற கூட்டத்தில் அங்கீகரித்த பள்ளிக் கூரை இன்னும் போடப்படவில்லை, மழைக்காலம் வரப்போகிறது, ஒப்பந்ததாரர் எங்கே என்று கேட்கிறார். அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். பதில் குறிப்பேட்டில் ஏறியாக வேண்டும். அடுத்த கூட்டத்தில் அதே கேள்வி, "நடவடிக்கை என்ன" என்ற தலைப்பில் திரும்பி வரும். மக்களாட்சி என்ற பெரிய சொல்லுக்கு மாவட்ட அளவில் இருக்கும் உடல் இதுதான். ஒரே கேள்வி, பதில் கிடைக்கும்வரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கேட்கப்படும் உரிமை அது.

முன்மொழிபவரும் அவரே, வழிமொழிபவரும் அவரே

மன்றத்தின் காலம் முடிந்து தேர்தல் நடக்காதபோது என்ன நிகழ்கிறது? அன்றாட அலுவல் ஒரு நாளும் நிற்பதில்லை. ஊதியம் வழங்கப்படுகிறது, ஒப்பந்தப்புள்ளி திறக்கப்படுகிறது, தீர்மானங்களும் நிறைவேறுகின்றன. சட்டப்படி, மன்றத்தின் அதிகாரங்களும் அதன் குழுக்களின் அதிகாரங்களும் நிர்வாகி என்ற ஒற்றை அதிகாரியிடம் போய்ச் சேர்கின்றன. மகாராஷ்டிரத்தில் 2022 மார்ச்சில் ஜில்லா பரிஷத்துகளின் தலைமைச் செயல் அலுவலர்களே நிர்வாகிகளாக்கப்பட்டனர். 

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்கும்போது தலைமைச் செயல் அலுவலர் கூட்டத்தில் அமர்ந்து விளக்கம் சொல்வார். வாக்களிக்கும் உரிமை அவருக்கு இல்லை. இப்போது அவரே திட்டத்தைத் தயாரிக்கிறார். தம்மிடமே அதைச் சமர்ப்பிக்கிறார். நிதிக்குழுவாக இருந்து பரிசீலிக்கிறார். பொதுக்குழுவாகக் கூடி ஏற்றுக்கொள்கிறார். பின்னர் அலுவலராகி நிறைவேற்றுகிறார். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் ஒருவரே. கேள்வி கேட்பவர் மட்டும் இல்லை.

இதைச் சொல்லும்போது அதிகாரிகள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. நேர்மையும் திறமையும் உள்ள இளம் அதிகாரிகள் பலர் மாவட்டங்களில் கடுமையாக உழைக்கிறார்கள். ஆனால் நல்ல அதிகாரி இடமாற்றம் செய்யப்பட்டால் மக்களால் எதுவும் செய்ய முடியாது. கெட்ட அதிகாரி வந்து உட்கார்ந்தாலும் எதுவும் செய்ய முடியாது. அவர் பதில் சொல்ல வேண்டியது மேலே, கீழே அன்று.

மேலே இருப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 243 இசட்.டி பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டத் திட்டக் குழு அமைக்கப்பட வேண்டும். அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் மாவட்ட ஊராட்சி, நகராட்சி உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் அக்குழுவின் தலைவர் மாவட்டத்துக்கெனப் பொறுப்பு வகிக்கும் மாநில அமைச்சர். மாவட்ட மன்றமும் நகர மன்றங்களும் கலைந்து கிடக்கும்போது அந்த ஐந்தில் நான்கு பங்கு எங்கிருந்து வரும்? எஞ்சுபவர்கள் அமைச்சரும் அதிகாரிகளும் அரசு நியமித்தவர்களும் மட்டுமே. மாவட்டத்தின் திட்டப்பணம் எந்தச் சாலைக்கு, எந்த ஒப்பந்ததாரருக்கு, எந்தக் கட்சிக்காரர் ஊருக்கு என்று முடிவு செய்ய அவர்களுக்குக் குறுக்கே எவரும் இல்லை. தேர்தல் ஏன் தள்ளிப்போகிறது என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடுகிறது.

கேட்க ஆளில்லாத ஆண்டுகளில்

மன்றம் இல்லாத ஆண்டுகளில் சிறு முடிவுகள் மட்டுமே எடுக்கப்பட்டன என்று எண்ணிவிடக் கூடாது. 2023இல் மகாராஷ்டிர அரசு, 20 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளிகளை ஒன்றிணைத்துத் தொகுப்புப் பள்ளிகளாக்கும் திட்டத்தை முன்வைத்தது. அவ்வாண்டிலேயே அரசு, உள்ளாட்சிப் பள்ளிகளைத் தனியார் நிறுவனங்களும் நன்கொடையாளர்களும் தத்தெடுக்கலாம் என்ற திட்டமும் வந்தது. இருபதுக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் பள்ளி எங்கே இருக்கும்? மலையடிவாரப் பழங்குடிக் குடியிருப்பில், கரும்பு வெட்டப் புலம்பெயரும் குடும்பங்களின் சிற்றூரில், தலித் மக்கள் ஒதுங்கி வாழும் பாடியில் இருக்கும். அப்பள்ளியை மூடி ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் சேர்த்துவிட்டால் முதலில் படிப்பை நிறுத்துவது பெண் குழந்தை.

அப்பள்ளிகளை நடத்துபவை ஜில்லா பரிஷத்துகள். அரசின் இத்திட்டத்தை ஏற்பதா, எதிர்ப்பதா என்று விவாதித்துத் தீர்மானம் போட்டிருக்க வேண்டியவை அவற்றின் கல்விக்குழுக்களும் பொதுக்குழுக்களும். ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள்; அவர்களின் குரலை அதிகாரபூர்வமான தீர்மானமாக்க மன்றத்தில் எவரும் இல்லை. அரசின் கொள்கையை நிறைவேற்ற வேண்டிய அதிகாரியே மன்றமாகவும் இருக்கும்போது மாற்றுத் தீர்மானம் எப்படி வரும்?

மற்றொரு இழப்பும் உண்டு. ஒன்றிய அரசின் கணக்குப்படி நாட்டின் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் ஏறத்தாழ 31 லட்சத்து 87 ஆயிரம் பேர். அவர்களில் 14 லட்சத்து 53 ஆயிரம் பேர் பெண்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் என்று சாசனம் சொன்னதை 2006இல் பீகார் பாதியாக உயர்த்தியது. மகாராஷ்டிரம் உள்ளிட்ட பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது சட்டமாகியும் நடைமுறைக்கு வராதிருக்கும் நாட்டில், மாவட்ட மன்றம்தான் உழைக்கும் பெண்கள் வரவு செலவுத் திட்டத்தின் மீது கைதூக்கும் இடம். அந்த இடத்துக்குப் பூட்டுப் போட்டால் ஒரு தலைமுறைப் பெண் ஊழியர்களின் அரசியல் பயிற்சியும் சேர்ந்து பூட்டப்படுகிறது.

தள்ளிப்போடும் தந்திரங்கள்

சாசனம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 243-இ பிரிவின்படி ஊராட்சியின் காலம் ஐந்தாண்டுகள். அது முடியும் முன்னரே அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும். கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும். 2006இல் கிஷன்சிங் தோமர் வழக்கிலும், 2022 மே மாதம் சுரேஷ் மகாஜன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே வலியுறுத்தியது. அப்படியிருந்தும் 1978க்குப் பின் பீகாரில் ஊராட்சித் தேர்தல் நடக்க 2001 ஆயிற்று. ஜார்க்கண்டில் 2010 ஆயிற்று. தமிழ்நாட்டில் 2016இல் நடக்க வேண்டிய தேர்தல் மூன்றாண்டுகள் தாமதமாயிற்று. ஆளும் கட்சியின் நிறம் மாறினாலும் பழக்கம் மாறவில்லை.

இன்று கையாளப்படும் காரணங்கள் இரண்டு. முதலாவது, இதர பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு. 2021 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம், உள்ளாட்சிகளில் இந்த ஒதுக்கீட்டை வழங்கத் தனி ஆணையம் அமைத்து, உள்ளாட்சிவாரியாகத் தரவு திரட்டி, மொத்த ஒதுக்கீடு 50 விழுக்காட்டைத் தாண்டாமல் தீர்மானிக்க வேண்டும் என்று கூறியது. பிற்படுத்தப்பட்ட மக்களின் பிரதிநிதித்துவம் கட்டாயம் வேண்டும் என்பதே நமது நிலைபாடு. ஆனால் தரவு திரட்டுவது அரசின் கடமை. சாதிவாரிக் கணக்கெடுப்பை ஆண்டுக்கணக்கில் மறுத்துவந்த ஒன்றிய ஆட்சியாளர்களும், தரவைத் தயாரிக்காத மாநில ஆட்சியாளர்களும், தங்கள் கடமை தவறலையே தேர்தலைத் தள்ளிப்போடும் காரணமாக்கினார்கள். யாருடைய பெயரால் தேர்தல் தள்ளிப்போனதோ அதே பிற்படுத்தப்பட்ட மக்களுக்கு 2022 மார்ச் முதல் மூன்றாண்டுகளுக்கு மேலாக ஓர் இடம்கூட இல்லாதிருந்தது. ஒதுக்கீடும் இல்லை, பொது இடமும் இல்லை. மே 6 ஆணை, 2022 ஜூலையில் பாந்தியா ஆணையம் அறிக்கை தருவதற்கு முன் இருந்த ஒதுக்கீட்டின்படியே தேர்தலை நடத்தச் சொல்லியிருப்பது இந்த முடிச்சை அப்போதைக்கு அவிழ்த்தது.

இரண்டாவது காரணம் எல்லை மறுவரையறை. கர்நாடகத்தில் 2021இல் பா.ஜ.க. ஆட்சி சட்டத்தைத் திருத்தி, தொகுதி எல்லைகளை வகுக்கும் அதிகாரத்தை மாநிலத் தேர்தல் ஆணையத்திடமிருந்து எடுத்து, தனி ஆணையம் ஒன்றிடம் கொடுத்தது. 2023இல் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. ஈராண்டுகள் கடந்தும் மாவட்ட மன்றங்களுக்குத் தேர்தல் நடக்கவில்லை. இதில் கசப்பான ஒரு வேடிக்கையும் உண்டு. 2025 பிப்ரவரியில் ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் வெளியிட்ட அதிகாரப் பகிர்வுக் குறியீட்டில் முதலிடம் பெற்ற மாநிலம் கர்நாடகம்தான். நான்காண்டுகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட மன்றம் இல்லாத மாநிலம் அதிகாரப் பகிர்வில் முதலிடம் என்றால், மற்ற மாநிலங்களின் நிலையை விளக்கத் தேவையில்லை. 

அதே கர்நாடகம் ஒருகாலத்தில் நாட்டுக்கே வழிகாட்டியது என்பதை மறக்க முடியாது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1987 ஜனவரியில் தேர்தல் நடந்தபோது, ஜில்லா பரிஷத் தலைவருக்கு இணை அமைச்சருக்குரிய தகுதி அளிக்கப்பட்டது. பரிஷத்தின் தலைமைச் செயலராக மாவட்ட ஆட்சியரைவிட மூத்த அதிகாரி அமர்த்தப்பட்டார். அதற்காக உழைத்த அமைச்சர் அப்துல் நசீர் சாப், கிராமங்கள்தோறும் ஆழ்துளைக் கிணறு தோண்டியதால் "நீர் சாப்" என்று அழைக்கப்பட்டவர்.

ஆட்சியர் நாற்காலியின் பழைய கதை

மாவட்டத்தை அதிகாரியிடம் ஒப்படைக்கும் மனப்பான்மைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1882 மே மாதம் ரிப்பன் பிரபுவின் தீர்மானம், உள்ளாட்சி வாரியங்களுக்கு அதிகாரி அல்லாதோர் தலைமை தாங்க வேண்டும் என்று விரும்பியது. நடைமுறையில் ஜில்லா போர்டின் தலைமை நாற்காலியில் பெரும்பாலும் கலெக்டரே பல பத்தாண்டுகள் அமர்ந்திருந்தார். பிரிட்டனில் 1888ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்டி எனப்படும் மாவட்டங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களை உருவாக்கியது. 1889 ஜனவரியில் அவற்றுக்குத் தேர்தலும் நடந்தது. தன் நாட்டு மாவட்டத்தில் வாக்குரிமை பெற்றவர்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம், அடிமை நாட்டு மாவட்டத்தில் கலெக்டரின் கையெழுத்து என்பதே ஏகாதிபத்தியத்தின் நீதி. விடுதலைக்குப் பின்னும் அந்த நாற்காலியை நாம் முழுமையாக மாற்றவில்லை.

1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு மூன்றடுக்கு அமைப்பைப் பரிந்துரைத்தது. 1959 அக்டோபர் 2 அன்று ராஜஸ்தானின் நாகௌரில் நேரு அதைத் தொடங்கி வைத்தார். அடுத்த இருபதாண்டுகளில் பெரும்பாலான மாநிலங்களில் அது தேய்ந்தது. 1977இல் அமைக்கப்பட்ட அசோக் மேத்தா குழுவில் தோழர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் உறுப்பினராக இருந்தார். 1978இல் வெளிவந்த அறிக்கையுடன் அவர் இணைத்த தனிக் குறிப்பு இன்றும் படிக்கத்தக்கது. மத்தியிலும் மாநிலத்திலும் மக்களாட்சி, அதற்குக் கீழே எல்லா மட்டங்களிலும் அதிகாரவர்க்க ஆட்சி என்பதே இந்திய அமைப்பின் சாரம் என அவர் அதில் சுட்டிக்காட்டினார். ஊராட்சிகளை வளர்ச்சிப் பணிக்கான முகவர்களாக மட்டும் பார்க்காமல், ஆட்சியின் அங்கங்களாகவே காண வேண்டும் என்பது அவர் வாதம். 1993 ஏப்ரல் 24 அன்று 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பதினோராம் அட்டவணையில் 29 துறைகள் பட்டியலிடப்பட்டன. ஆனால் அவற்றை மாற்றித் தருவது மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கே விடப்பட்டது. இ.எம்.எஸ். சுட்டிய குறை சாசன ஏட்டில் பாதி தீர்ந்தது, நடைமுறையில் தொடர்கிறது.

பணம் எந்த வழியில் போகிறது

மன்றம் இருக்கும் இடங்களிலும் அதன் அலுவல் வெறுமையாகிவருகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் உண்மை முழுமை பெறாது. 2024 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வின்படி, ஊராட்சிகளின் வருவாயில் சொந்த வரியின் பங்கு 1.1 விழுக்காடு மட்டுமே. ஏறத்தாழ 95 விழுக்காடு மேலிருந்து வரும் மானியம். பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்தது 2 லட்சத்து 36 ஆயிரத்து 805 கோடி ரூபாய். அதில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் எனக் கட்டப்பட்ட நிதி. குடிநீரும் துப்புரவும் தேவையே. ஆனால் எந்த ஊரில் எது முதலில் வேண்டும் என்று தீர்மானிப்பது மன்றத்தின் வேலை என்றால், அந்த வேலையைத் தில்லி முன்னரே முடித்துவிடுகிறது. அந்த மானியமும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உள்ள அமைப்புகளுக்கே என்பது விதி. தேர்தலை நடத்தாத குற்றம் மாநில அரசுடையது. பணத்தை இழக்கும் தண்டனை மக்களுக்கு.

மாவட்ட மன்றத்துக்குப் பக்கத்திலேயே வேறு கால்வாய்களும் வெட்டப்பட்டுள்ளன. 2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்கீழ் அமைந்த மாவட்டக் கனிம அறக்கட்டளைகளுக்கு ஆட்சியர் தலைவர். ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கரின் சுரங்க மாவட்டங்களில் அதில் சேரும் தொகை மாவட்ட ஊராட்சிகளால் எண்ணிப் பார்க்கவும் இயலாதது. சுகாதாரத் திட்டத்துக்குத் தனிச் சங்கம். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்த் தொகுதி நிதி. ஒன்றியத் திட்டங்களைக் கண்காணிக்க நாடாளுமன்ற உறுப்பினர் தலைமையில் ஒரு குழு. பழங்குடி மக்களின் நிலத்தைத் தோண்டி எடுத்த கனிமத்தின் பணம் எந்தக் கிராமத்துக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றத்தின் பொருள் நிரலில் வருவதே இல்லை.

வேறு வழி உண்டு

இவையெல்லாம் தவிர்க்க முடியாதவை என்று சொல்வோருக்கு இடதுசாரிகளின் அனுபவமே பதில். மேற்கு வங்கத்தில் 1978 ஜூனில் இடது முன்னணி அரசு ஊராட்சித் தேர்தலை நடத்தியது. 73ஆவது திருத்தம் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, சாசனத்தின் கட்டாயம் ஏதுமின்றி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் தேர்தல் நடக்கும் மரபை அது நிலைநாட்டியது. குத்தகை விவசாயிகளின் பெயர்ப் பதிவும் உபரி நில விநியோகமும் அந்த ஊராட்சிகளின் துணையோடு நடந்தன. நிலச்சீர்திருத்தம் மன்றத்தின் அன்றாட அலுவலாக மாறியதே அதன் வெற்றி.

கேரளத்தில் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு மாற்றப்பட்டது. எந்த உள்ளாட்சிக்கு எவ்வளவு என்பது மாநில வரவு செலவுத் திட்டத்தின் நான்காம் இணைப்பில் பெயர்வாரியாக அச்சிடப்படுகிறது. மாவட்ட மன்ற உறுப்பினர் அமைச்சரின் வாசலில் காத்திருக்கத் தேவையில்லை. ஏட்டைப் புரட்டித் தமக்குரியதைக் கேட்கலாம். 1995 முதல் 2020 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அங்கே தேர்தல் நடந்திருக்கிறது. 

நமது குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. மேற்கு வங்கத்தில் 2018இல் திரிணாமூல் ஆட்சியின்கீழ் ஊராட்சி இடங்களில் 34 விழுக்காடு போட்டியின்றி நிரப்பப்பட்டதை நாடு கண்டது. வேட்புமனு தாக்கல் செய்யச் சென்ற நம் தோழர்கள் தாக்கப்பட்டார்கள். அதை வன்மையாகக் கண்டிக்கும் நாமே, நமது ஆட்சிக்காலத்தின் பிற்பகுதியில் சில இடங்களில் மன்றக் கூட்டம் கட்சி அலுவலகத்தில் முன்னரே முடிந்த முடிவுக்குக் கைதூக்கும் சடங்காகச் சுருங்கியதையும் நினைவில் கொள்ள வேண்டும். எதிர்க்கேள்வி இல்லாத மன்றம் யார் கையில் இருந்தாலும் மெல்ல உலரும். மக்கள் அதை முதலில் உணர்கிறார்கள். நாம் தாமதமாக உணர்ந்தோம்.

நம் முன் உள்ள பணி

மே 6 ஆணை ஒரு வாய்ப்பு, அவ்வளவே. நீதிமன்றம் குறித்த காலக்கெடுவை நீட்டிக்கக் கேட்பது ஆட்சியாளர்களுக்குக் கைவந்த கலை. எனவே மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் மாவட்ட மன்றத் தேர்தலை உடனே நடத்து என்ற கோரிக்கை விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள், மாதர், ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர் ஆகியோரின் அமைப்புகளுடைய கோரிக்கைப் பட்டியலில் முன்வரிசைக்கு வர வேண்டும். எல்லை வரையறை அதிகாரம் மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் திரும்ப வேண்டும். காலம் முடிந்தபின் அதிகாரி ஆட்சிக்கு ஆறு மாதத்துக்கு மேல் எவ்வகையிலும் இடமில்லை எனச் சட்டம் திருத்தப்பட வேண்டும். அந்த இடைக்காலத்தில் நிர்வாகி எடுத்த ஒவ்வொரு முடிவும் புதிய மன்றத்தின் முதல் கூட்டத்தில் ஒப்புதலுக்கு வைக்கப்பட வேண்டும். மாவட்டத் திட்டக் குழுவின் தலைமை அமைச்சரிடமிருந்து மாவட்ட மன்றத் தலைவருக்கு மாற வேண்டும். கனிம நிதி மன்றத்தின் வழியே செலவாக வேண்டும்.

தேர்தல் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நிர்வாகி தன்னந்தனியாக நிறைவேற்றும் தீர்மானங்களும் பொது ஆவணங்களே. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவின்படி, அவற்றைக் கேட்காமலேயே வெளியிடுவது அலுவலகத்தின் கடமை. வெளியிடாவிட்டால் கேட்டு வாங்குவோம். மூன்றாண்டுத் தீர்மானங்களை வரிசையாக வைத்துப் படித்தால் எந்தப் பள்ளியின் கூரை விடுபட்டது, எந்தச் சாலை மூன்று முறை போடப்பட்டது, எந்தச் சுகாதார நிலையத்துக்கு மருந்து வாங்கப்படவில்லை என்பது தெரியும். அதைக் கிராமசபையில் படித்துக் காட்டுவோம். மக்கள் தாமே கேள்வி கேட்பார்கள்.

அந்தக் கேள்வி குறிப்பேட்டில் ஏறும் நாள்வரை நமது பணி ஓயாது. பொருள் நிரலைப் படிப்பதும், பழைய தீர்மானத்தைத் தேடி எடுப்பதும், அதே கேள்வியை மறுபடி கேட்பதும் சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் மலையடிவாரத்துச் சிறுமியின் பள்ளி திறந்திருப்பது அந்தச் சலிப்பூட்டும் வேலையை யாரோ ஒருவர் விடாமல் செய்வதால்தான். அந்த ஒருவரை மக்களே தேர்ந்தெடுக்கட்டும்.